"தெரிஞ்சுதானே போனாங்க?" - ஓர் எரிமலைத் தீவும் ஒரு சோம்பேறி வாதமும்

ஃபகாரி எரிமலை விபத்தைப் பற்றி 2022-ல் நெட்ஃபிளிக்ஸில் ஓர் ஆவணப்படம் வந்தது. எங்கள் ஹாஸ்டலில் ஒரு சனிக்கிழமை ராத்திரி அதை ஏழெட்டுப் பேர் சேர்ந்து பார்த்தோம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வந்த முதல் விமர்சனம்: "புகையுற எரிமலைக்குள்ள காசு குடுத்துப் போனா வேற என்ன ஆகும்? தெரிஞ்சுதானே போனாங்க?" பாதிப்பேர் தலையாட்டினார்கள். இணையத்தில் தேடினாலும் இதே வசனம்தான், பல மொழிகளில்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு இது சோம்பேறித்தனமான, கொஞ்சம் கொடூரமான வாதமாகப் படுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள் மக்களே.

முதலில் கதைச் சுருக்கம், தெரியாதவர்களுக்காக.

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஃபகடானே என்று ஒரு கடற்கரை ஊர். அங்கிருந்து சுமார் 48 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது இந்த எரிமலைத் தீவு. மவோரி மொழியில் ஃபகாரி. 1769-ல் அந்தப் பக்கமாகப் போன கேப்டன் குக் வைத்த பெயர் ஒயிட் ஐலண்ட். உயரம் 321 மீட்டர்தான். ஆனால் மலையின் பெரும்பகுதி கடலுக்கடியில் இருக்கிறது, நாம் பார்ப்பது உச்சியை மட்டும். அதாவது படகிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தாலே எரிமலை வாய்க்குப் பக்கத்தில் போய்விடலாம். மலையேற்றம், மூச்சு வாங்குவது எதுவும் கிடையாது. இந்தச் சுற்றுலாவின் கவர்ச்சியே அதுதான்.

இன்னொரு விசேஷம், இது தனியார் தீவு. 1936-லிருந்து ஒரே குடும்பத்தின் சொத்து. பயணிகளை அழைத்துப் போகும் நிறுவனங்கள் தீவின் உரிமையாளர்களிடம் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல் போய் வந்தார்கள்.

பயணம் எப்படி இருக்கும்? படகில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். தீவில் இறங்கியதும் தலைக்கு ஹெல்மெட், மூக்குக்கு மாஸ்க். கந்தகப் புகையில் தொண்டை கரகரக்காமல் இருக்கச் சப்புவதற்கு மிட்டாய். கைடு முன்னால் நடப்பார், நீங்கள் பின்னால். மஞ்சள் கந்தகப் படிவங்கள், கொதிக்கும் சேற்றுக் குழிகள், வெளிர்பச்சை நிறத்தில் ஓர் அமில ஏரி. திரும்பும் வழியில் 1920-களில் கட்டிய கந்தக ஆலையின் துருப்பிடித்த மிச்சங்கள். அதற்கு முன்பே 1914-ல் அங்கே கந்தகம் வெட்டியவர்கள் மேல் எரிமலைச் சுவர் சரிந்து சேற்று வெள்ளமாக இறங்கியது. தீவில் இருந்த தொழிலாளர்கள் ஒருவர்கூட மிஞ்சவில்லை, ஒரு பூனை மட்டும்தான் பிழைத்தது. பிறகு படகிலேயே திரும்பி, சாயங்காலத்துக்குள் ஊர் வந்து சேரலாம். ஒரு நாள் டூர் என்றால் இதுதான்.

2019 டிசம்பர் 9, மதியம் 2:11. தீவில் 47 பேர் இருந்தபோது எரிமலை வெடித்தது. இறந்தவர்கள் 22 பேர். இரண்டு பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பிழைத்த 25 பேரும் காயமடைந்தவர்கள், பெரும்பாலானோருக்குக் கடுமையான தீக்காயம். இறந்தவர்களில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் உண்டு, பயணிகளை அழைத்துப் போன கைடுகள் இரண்டு பேரும் உண்டு. தோல் ஒட்டுச் சிகிச்சைக்காக நியூசிலாந்து மருத்துவமனைகள் அமெரிக்காவிலிருந்து 12 லட்சம் சதுர சென்டிமீட்டர் மனிதத் தோல் கேட்டு ஆர்டர் போட்டன. 120 சதுர மீட்டர். நம்மூர் டபுள் பெட்ரூம் ஃபிளாட் ஒன்றின் தரை முழுக்க விரிக்கலாம். அவ்வளவு தோல்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "தெரிஞ்சுதானே போனாங்க?" என்ன தெரிந்து போனார்கள்?

அன்று தீவில் இருந்த 47 பேரில் 38 பேர் ஓவேஷன் ஆஃப் தி சீஸ் என்ற உல்லாசக் கப்பலில் வந்தவர்கள். கப்பல் டௌரங்கா துறைமுகத்தில் நிற்கும் நாளில் எந்தெந்த இடத்துக்குப் போகலாம் என்ற பட்டியலில் இருந்து இதைத் தேர்ந்தெடுத்து டிக்கெட் வாங்கியவர்கள். அது எரிமலை என்று அவர்களுக்குத் தெரியும்தான். ஆனால் "இது எரிமலை" என்று தெரிவதும் "இந்த எரிமலையில் மூன்று வாரமாக நிலவரம் சரியில்லை" என்று தெரிவதும் ஒன்றா?

நியூசிலாந்தில் எரிமலைகளின் நிலவரத்தைச் சொல்ல 0 முதல் 5 வரை எச்சரிக்கை எண்கள் உண்டு. 3, 4, 5 மூன்றும் வெடிப்பு நடந்துகொண்டிருக்கும்போது கொடுப்பவை. அப்படியென்றால் வெடிக்காமல் இருக்கும் ஓர் எரிமலைக்குக் கொடுக்கக்கூடிய உச்சபட்ச எண் 2. ஃபகாரிக்கு 2019 நவம்பர் 18 அன்று அந்த 2-ஐத்தான் கொடுத்தார்கள். வழக்கத்தைவிட வெடிப்புக்கு வாய்ப்பு கூடியிருக்கும் காலத்துக்குள் மலை நுழைந்துகொண்டிருக்கலாம் என்றும் ஜிஎன்எஸ் விஞ்ஞானிகள் எழுதினார்கள். டூர் நிற்கவில்லை. டிசம்பர் 3-ல் வந்த அறிக்கை, வாயில் சேறும் நீரும் பீறிட்டுக்கொண்டிருந்தாலும் தற்போதைய அளவிலான செயல்பாடு பார்வையாளர்களுக்கு நேரடி ஆபத்தில்லை என்றது. ஆறு நாள் கழித்து மலை வெடித்தது.

"ஐந்துக்கு இரண்டு" என்று சொன்னால் சாதாரண ஆள் என்ன நினைப்பார்? பாதிக்கும் கீழே, பரவாயில்லை என்றுதான் நினைப்பார். அந்த அளவுகோலில் மூன்றுக்கு மேல் என்றால் ஏற்கெனவே வெடித்தாயிற்று என்று அர்த்தம் என்பதை யார் அவருக்குச் சொல்வது? 2023-ல் வழக்கு நடந்தபோது சாட்சி சொன்ன பயணிகளில் சிலர், ஆபத்தைப் பற்றித் தங்களிடம் ஒழுங்காக யாரும் சொல்லவில்லை என்றார்கள். தேனிலவுக்கு வந்த அமெரிக்கத் தம்பதியும் அதில் உண்டு.

இங்கே கொஞ்சம் அறிவியல் பேசியாக வேண்டும். எரிமலை என்றதும் நம் மனதில் வருவது சினிமா எரிமலை. முதலில் நிலம் ஆடும், பிறகு புகை வரும், பிறகு சிவப்புக் குழம்பு வழியும், கதாநாயகன் ஓடித் தப்பிக்க நேரம் இருக்கும். ஃபகாரியில் நடந்தது அது இல்லை. நிலத்தடி நீர் கீழே இருக்கும் வெப்பத்தால் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது. மேலே இருக்கும் பாறையும் சேறும் பிரஷர் குக்கர் மூடி மாதிரி அழுத்திக்கொண்டிருப்பதால் அது ஆவியாக முடியாமல் நீராகவே இருக்கிறது. எங்கேயோ மூடி விரிசல் விட்டால் அழுத்தம் சட்டென்று இறங்கி நீர் ஒரே நொடியில் ஆவியாகும். சாதாரணக் காற்றழுத்தத்தில் நீர் ஆவியானால் கன அளவு சுமார் 1,600 மடங்கு பெருகும். அந்த விரிவுதான் பாறையையும் சாம்பலையும் அமிலத்தையும் தூக்கி வீசுகிறது. இதற்கு எரிமலைக் குழம்பு மேலே வர வேண்டிய அவசியம்கூட இல்லை. அதனால் முன்னறிவிப்பும் பெரிதாக இருக்காது. ஜப்பானில் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27-ல் இதே போல்தான் வெடித்தது. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் சேர்த்து 63 பேர். அன்றைக்கு அந்த மலையின் எச்சரிக்கை நிலை 1. ஜப்பானிய அளவில் அதுதான் மிகக் குறைந்தது.

இப்போது சொல்லுங்கள், டிக்கெட் வாங்கிய குடும்பத்துக்கு இதெல்லாம் தெரியுமா? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

"கைடு கூட்டிப் போனாரே, ஹெல்மெட் கொடுத்தாரே" என்பீர்கள். என் பிரச்சினையே அதுதான். கைடு, ஹெல்மெட், மாஸ்க், மிட்டாய், கையெழுத்துப் போட ஒரு படிவம், இத்தனையும் சேர்ந்து பயணிக்குச் சொல்லும் செய்தி "ஆபத்து" இல்லை. "ஆபத்தைப் பற்றி யோசிக்க வேண்டியவர்கள் யோசித்துவிட்டார்கள், நீங்கள் போட்டோ எடுங்கள்" என்பதுதான். ஹெல்மெட் சின்னக் கல்லைத் தடுக்கும். கொதிக்கும் ஆவியும் சாம்பலும் அலையாகத் தரையோடு உருண்டு வரும்போது அதை வைத்து என்ன செய்வது? படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் சம்மதம் கிடைத்தாயிற்று என்கிறார்கள். சம்மதம் என்றால், எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிய வேண்டாமா?

அடுத்து ஒரு கணக்கு. முரட்டுக் கணக்குதான், புள்ளியியல் படிப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம் :-)

2012 ஆகஸ்ட், 2013 ஆகஸ்ட், 2013 அக்டோபர், 2016 ஏப்ரல், 2019 டிசம்பர். எட்டு ஆண்டுக்குள் ஃபகாரி குறைந்தது இந்த ஐந்து முறை வெடித்தது. 2016-ல் வெடித்தது இரவு நேரம், தீவில் யாரும் இல்லை. பகலில் பயணிகள் நடக்கும் பாதை மேலேயே சாம்பலும் பாறையும் விழுந்திருந்தன. அதிர்ஷ்டம் என்று பெருமூச்சு விட்டு, கொஞ்ச நாளில் டூரை மறுபடி ஆரம்பித்தார்கள்.

தீவில் ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு மணி நேரம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 24-ல் 4, அதாவது ஆறில் ஒரு பங்கு. மலைக்கு டூர் நேரம் தெரியாது, எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். அப்படியானால் ஒவ்வொரு வெடிப்பும் ஒரு பகடை உருட்டல். 6 விழுந்தால் ஆட்கள் இருக்கும்போது வெடிக்கிறது. ஐந்து முறை உருட்டி ஒரு முறைகூட 6 விழாமல் இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஆறில் ஐந்தை ஐந்து முறை பெருக்குங்கள். சுமார் 40 சதவீதம். மீதி 60 சதவீதம், ஒரு முறையாவது மாட்டும் என்கிறது. நான்கு மணி நேரத்தை இரண்டாகக் குறைத்தாலும் மாட்டுவதற்குச் சுமார் 35 சதவீதம் வருகிறது. ப்ளஸ் டூ கணக்கு இது.

ஒரு தனிப் பயணிக்கு, அவர் இறங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் ஆபத்து மிக மிகக் குறைவுதான். அதனால்தான் எல்லோரும் தைரியமாகப் போனார்கள். ஆனால் வருடம் முழுக்க ஆட்களை அனுப்பிக்கொண்டே இருப்பவருக்கு அது குறைவான ஆபத்து இல்லை, என்றைக்கு என்று மட்டும் தெரியாத ஒன்று. இந்தக் கணக்கைப் போட்டிருக்க வேண்டியது நூறு டாலர், இருநூறு டாலர் கொடுத்த பயணியா, அல்லது பல வருடமாக அந்தத் தீவில் தொழில் நடத்தியவர்களா? மாதத்தில் பாதி நாள் அங்கே நடந்த கைடுகளை நினைத்துப் பாருங்கள். பயணி ஒரு முறை உருட்டிய பகடையை அவர்கள் நூற்றுக்கணக்கான முறை உருட்டினார்கள், சம்பளத்துக்காக. "தெரிஞ்சுதானே போனாங்க" என்ற வசனத்தை அவர்கள் வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா?

சரி, பிறகு யார்தான் பொறுப்பு? இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். விஞ்ஞானிகள்: நாங்கள் எண்ணைச் சொல்வோம், தீவைத் திறப்பதும் மூடுவதும் எங்கள் கையில் இல்லை. டூர் நிறுவனம்: விஞ்ஞானிகள் சொல்வதைப் பார்த்துத்தான் நடக்கிறோம். கப்பல்: டூரை நடத்துவது வேறு நிறுவனம். தீவின் உரிமையாளர்: நாங்கள் நிலத்துக்கு அனுமதி மட்டும்தான் கொடுத்தோம். பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்க வேண்டிய அரசு அமைப்பான வொர்க்சேஃப், விபத்துக்கு முன்பு ஃபகாரி விஷயத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று 2021-ல் வந்த தனி ஆய்வறிக்கையே சொன்னது. அதே அமைப்புதான் 2020-ல் 13 தரப்புகள் மீது வழக்குப் போட்டிருந்தது!

வழக்கு என்ன ஆயிற்று? சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், சிலர் மீதான குற்றச்சாட்டு தள்ளுபடியானது. தீவை வைத்திருந்த குடும்பத்தின் நிறுவனம் 2023-ல் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 2024 மார்ச்சில் எல்லாத் தரப்பும் சேர்ந்து சுமார் 1 கோடி நியூசிலாந்து டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றார் நீதிபதி. அதில் கிட்டத்தட்ட பாதி அந்த உரிமையாளர் நிறுவனத்தின் பங்கு. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதன் மீதான தண்டனையை ரத்து செய்தது. நுழைய அனுமதி கொடுத்ததால் மட்டுமே அங்கே நடக்கும் வேலையைக் கட்டுப்படுத்துபவர் ஆகிவிட முடியாது என்பது சாராம்சம். நியூசிலாந்தில் விபத்துக் காயத்துக்கு அரசே ஒரு திட்டத்தின் மூலம் சிகிச்சையும் உதவியும் தருகிறது. பதிலுக்கு, காயப்படுத்தியவர்மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை பெரும்பாலும் கிடையாது.

நான் சட்டம் படித்தவன் இல்லை. அந்தத் தீர்ப்பு சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆனால் மொத்தப் படத்தைப் பாருங்கள். வருமானம் வரும்போது எல்லோருக்கும் பங்கு இருந்தது. பொறுப்பு என்று வரும்போது ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைக் கை காட்டுகிறார்கள். கைகாட்ட ஆள் இல்லாமல் கடைசியில் நின்றவர் பயணி மட்டும்தான். நாம் சாவகாசமாகச் சொல்லும் "தெரிஞ்சுதானே போனாங்க" இந்த வேலையை இன்னும் சுலபமாக்குகிறது. யாரும் கேட்காமலே நாம் அத்தனை பேருக்கும் இலவசமாக வக்கீல் வேலை பார்க்கிறோம்.

"அப்போ எல்லா சாகசத்தையும் மூடிடலாமா? வீட்லயே உக்காந்திருக்கணுமா?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. எரிமலை பார்க்க எனக்கும் ஆசை. ஃபகடானே போன்ற சின்ன ஊருக்கு அந்த டூர் எவ்வளவு பெரிய வருமானம் என்பதும் புரிகிறது. பெரும்பாலோரை அழைத்துப் போன நிறுவனம் ஙாட்டி அவா என்ற உள்ளூர் மவோரி இனக்குழுவுடையது. இறந்த கைடுகளும் அந்தப் பகுதிப் பிள்ளைகள். விபத்து நடந்த அன்று, அப்போதுதான் கரையை விட்டுக் கிளம்பிய டூர் படகு திரும்பி வந்து காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டது. தனியார் ஹெலிகாப்டர் ஓட்டிகள் சாம்பலுக்குள் இறங்கி ஆட்களைத் தூக்கி வந்தார்கள். அந்த மனிதர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களையும் சேர்த்துத்தான் இந்த ஏற்பாடு பலி கொடுத்தது என்கிறேன்.

நான் கேட்பது ரொம்பப் பெரிதில்லை.

1) எச்சரிக்கை எண் டிக்கெட்டிலேயே இருக்க வேண்டும், அதன் அர்த்தம் சாதாரண மொழியில். "வெடிக்காத எரிமலைக்கு இதுதான் உச்ச எண். வெடித்தால் தப்ப வழியில்லை." இப்படி எழுதுங்கள். படித்துவிட்டுப் பின்வாங்குபவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அதன் பிறகும் போகிறவர்தான் தெரிந்து போகிறவர்.

2) எந்த எண் வந்தால் தீவில் இறங்கக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அதை எழுதுபவர் டிக்கெட் விற்பவராக இருக்கக் கூடாது.

3) இறங்கித்தான் ஆக வேண்டுமா என்று யோசிக்க வேண்டும். நம் நாட்டிலேயே அந்தமான் கடலில் பாரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் இப்போதும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை. சுமார் இரண்டு நூற்றாண்டு தூங்கிவிட்டு 1991-ல் விழித்துக்கொண்டது. கப்பலிலிருந்து பார்க்கலாம், பயணிகளுக்கு இறங்க அனுமதி கிடையாது. புகையும் கரும்பாறையும் கடலிலிருந்தும் தெரியும். செல்ஃபி கொஞ்சம் சுமாராக வரும், அவ்வளவுதான்.

இதெல்லாம் ஆகாத காரியம் என்பவர்களுக்கு ஒரு தகவல். 2024 ஏப்ரல் முதல் நியூசிலாந்தில் சாகசச் சுற்றுலா நடத்துபவர்கள், கடுமையான இயற்கை ஆபத்துகளைப் பற்றிப் பயணிகளுக்குத் தெரிவிக்க நியாயமான முயற்சிகள் அனைத்தையும் எடுக்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. 22 உயிர் போனபின் வந்தது. பயணிகளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தால் இப்படி ஒரு விதிக்கு என்ன தேவை? "தெரிஞ்சுதானே போனாங்க" என்பதற்கு அந்த நாட்டு அரசே எழுதிக் கொடுத்த பதில் இது.

விபத்துக்குப் பிறகு பயணிகளைத் தீவில் இறக்குவது நின்றுபோனது. மலை தன் பாட்டுக்கு அவ்வப்போது சாம்பல் கக்கிக்கொண்டுதான் இருந்தது, 2024-லும்கூட. அதன் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. மலை யாரையும் வா என்று கூப்பிடவில்லை, டிக்கெட்டும் விற்கவில்லை.

அடுத்த முறை எங்கேயாவது இப்படி ஒரு டூர் விபத்துச் செய்தி வந்து, "தெரிஞ்சுதானே போனாங்க" என்று சொல்ல வாய் வந்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அவர்களிடம் யார், எப்போது, என்ன வார்த்தையில் சொன்னார்கள்? பதில் இருந்தால் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

டிஸ்கி: ஹாஸ்டலில் அந்த வசனத்தைச் சொன்னவன் இதைப் படிப்பான். உன் பெயரைப் போடவில்லை மச்சி, ஆனால் மெஸ்ஸில் விவாதத்துக்கு நான் ரெடி.